பெல்ட் மெஷினும் இரண்டு ஓரகத்திகளும்

ஓரகத்தி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கத்தி இருக்கிறது என்று சின்னவன் வேடிக்கையாகச் சொல்வான். அண்ணன், தம்பி இருவரும் கத்தி செய்கிறவர்கள். அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் இருவருக்கும் அதே பட்டறையில்தான் வேலை. கத்தி வாங்க வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உள்ளே இருந்த இரண்டு பெண்களும் சிரித்ததில்லை. சிரித்தால் சேர்ந்து சிரித்தது போல ஆகிவிடுமே என்பதற்காகவே அடக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

பக்கத்துக் கதவு என்னுடையது. அவர்கள் கத்திகளுக்குத் தோலுறை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டால்கூட இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

நான் சொல்ல வந்தது பெரியவளைப் பற்றி. பெரியவன் பெண்டாட்டி. எஃகுத் தகட்டை வெட்டுவது, சூடேற்றி எண்ணெயில் முக்கிப் பதம் கொடுப்பது, பெல்ட் மெஷினில் சரிவு எடுப்பது எல்லாம் முதலில் பெரியவன்தான் செய்துகொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் பிடிக்கும்போது நடுங்கினால் பரவாயில்லை. பெல்ட் மெஷின் அப்படி விடாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மோட்டார், மூன்று சக்கரம், அவற்றைச் சுற்றி நாலு விரல் அகலம்கூட இல்லாத, உப்புத்தாள் போன்ற எமரி பெல்ட், கண்ணுக்குப் பிடிபடாத வேகம். ஒருநாள் அது அவன் கட்டைவிரல் தோலை உருவிக்கொண்டு போய்விட்டது. அதுவரை கத்திகளைத் துடைத்து, காகிதம் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்த அவள் எழுந்து வந்து, "நகருங்க" என்றாள். அவன் நகர்ந்தான். அதற்கப்புறம் பதினோரு வருடம் அந்த இடம் அவளுடையது.

வெட்டி எடுத்த தகடு ஒரு ஸ்கேல் மாதிரிதான் இருக்கும். முதுகில் தடிமனாக, வாய்ப்பக்கம் மெலிந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சரிந்து இறங்கினால்தான் அது கத்தி. வாய்ப்பக்க விளிம்பில் நீல மார்க்கரைப் பூசி, நட்டநடுவில் தலைமுடி அகலம் விட்டு இரண்டு கோடு கீறிக்கொள்வாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி இறுக்கி, கையை அசைக்காமல் உடம்பையே ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சாய்த்து, தகட்டைப் பெல்ட்டின் குறுக்கே இழுப்பாள். இந்தப் பக்கம் மூன்று இழுப்பு, அந்தப் பக்கம் மூன்று இழுப்பு, பிறகு வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. கையுறை போட மாட்டாள். சூடு விரலுக்குத் தெரிய வேண்டும். சூடு மிஞ்சி எஃகில் நீலம் ஏறிவிட்டால் பதம் போச்சு. அப்புறம் அது பழம் நறுக்கக்கூட உதவாது.

இரண்டே வருடத்தில் புருஷனைவிட நன்றாக எடுத்தாள். "என்னைவிட அவ கை சுத்தம்" என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். அந்த மட்டும் அவனுக்கு நல்ல மனசு. அதற்கு மேல் அவனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. வீட்டில் இரண்டு பேர் குரல் உயர்த்தினால் அவன் போய் எண்ணெய்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவளோ, மூக்குக்கு மேல் கோபம் வைத்திருந்தவள். ஒரு வாரத்தில் கத்தி மழுங்கிவிட்டது என்று வந்து நின்ற சமையல்காரரிடம், "மேடைக்கல்லு மேல வெச்சு வெட்டினா மழுங்காம என்ன பண்ணும்? உங்க பல்லைக் கல்லுல தேயுங்க, அதுவும் மழுங்கும்" என்றாள். அந்த ஆள் மறுபடி வரவே இல்லை. மெஷினை வேறு யாராவது தொட்டால் கடித்துக் குதறுவாள்.

சின்னவள் கலியாணமாகி வந்த முதல் வாரம். வந்திருந்தவர்களுக்கு நடுவில் பெரியவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அக்கா கை அப்படியே ஆம்பளை கை" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். இருக்கலாம். கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு விழுந்த விரிசல் அது.

சின்னவளுக்குப் பிடி வேலை. மரத்தை அறுத்து, துளை போட்டு, கத்தியில் பிடிக்குள் மறையும் வாலில் ஒட்டி, பித்தளை ஆணி அடித்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நுணுக்கமான கை, அதைவிட வேகமான வாய். ஒரு பிடியை அரத்தால் உருவாக்க இரண்டு மணி நேரம் ஆகும். பெல்ட் மெஷினில் பத்து நிமிஷம். அதனால் கேட்டாள்.

"அக்கா, தினம் அரை மணி நேரம் மெஷின் விடுங்களேன்."

"மரத்தூள் ஏறினா பெல்ட் அடைஞ்சுடும். அதுல எஃகை வெச்சா சூடேறும். முடியாது."

"மரத்துக்குத் தனி பெல்ட் மாட்டிக்கறேன்."

"மெஷின் ஒண்ணுதான்."

ஆறு வருடத்தில் இந்தப் பேச்சை வார்த்தை மாறாமல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெரியவள் பெல்ட் மாற்றும்போது முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொள்வாள், பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்து எழுதிவிடுவாளோ என்று பயப்படுகிறவளைப் போல.

பேச்சு முழுக்க நின்று போனது ஒரு பிடியால். பிடிக்கும் எஃகுக்கும் நடுவில் மெல்லிசாக ஓர் இடைவெளி தெரிந்தது. வாங்க வந்தவர் காட்டிக் கேட்டார். "வால் கோணலா வந்தா நான் என்ன செய்ய?" என்றாள் சின்னவள். பெரியவள் அந்தக் கத்தியை வாங்கி, பட்டடைக்கல்லின் மேல் வைத்து, சுத்தியலால் பிடியை அடித்து நொறுக்கினாள். வாலை உருவி எடுத்து அளவுச்சட்டத்தில் வைத்து, "இதுல எங்க கோணல் இருக்கு, காட்டச் சொல்லுங்க" என்று வந்தவரிடம் கேட்டாள். கோணல் இல்லைதான். ஆனால் சின்னவள் இரண்டு நாள் இழைத்த பிடி தரையில் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

அதிலிருந்து பதினான்கு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டறை நடத்த எப்படியும் பேசித்தானே ஆக வேண்டும், அதனால் சுவரிடம் பேசினார்கள். "ஆறாவது கத்திக்கு ஆணி ஓட்டை சின்னதா இருக்காம்" என்று ஒருத்தி தகரத்தைப் பார்த்துச் சொல்வாள். "ஓட்டை சரியாத்தான் இருக்கு, ஆணிதான் கொழுத்திருக்கு" என்று இன்னொருத்தி அதே தகரத்தைப் பார்த்துச் சொல்வாள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இரண்டு பேரும் என்னைத் திட்டுவது போலவே இருக்கும்.

ஓர் உணவகத்துக்குப் பன்னிரண்டு கத்தி, அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும் என்று சின்னவன் பேசிக்கொண்டு வந்தான். அதில் பாதி முடிந்திருந்தபோது பெரியவள் கண்ணில் ஓர் எஃகுத் துகள் தைத்துவிட்டது. புருஷனோடு கண் மருத்துவமனைக்குப் போனாள். அன்று பிற்பகல் முழுக்க அவர்கள் இல்லை. ஆனால் பெல்ட் மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. யார் ஓட்டுகிறார்கள் என்பதும் தெரிந்தது. எழுந்து போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். நமக்கென்ன வம்பு என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டேன்.

மருத்துவர் துகளை எடுத்து, மருந்து ஊற்றி, இரண்டு நாள் வேலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையிலேயே பெரியவள் சிவந்த கண்ணோடு மெஷின் முன்னால் நின்றுவிட்டாள்.

இரண்டு கத்தி முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. சவுக்கு சொடுக்கியது போல ஒரு சத்தம். உடனே இரும்பு எதிலோ மோதும் சத்தம். அலறல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதனால்தான் பயந்து ஓடினேன்.

மெஷின் வெறும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அறுந்த பெல்ட்டைக் காணவில்லை. பெரியவள் இரண்டு கைகளையும் கத்தியைப் பிடித்திருந்த நிலையிலேயே காற்றில் நிறுத்தி, வெறித்துக்கொண்டு நின்றாள். பசை கரைக்கத் தண்ணீர் எடுக்க வந்த சின்னவள் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது முன்கையை வலது கையால் பிடித்திருந்தாள். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது. என்னைப் பார்த்ததும் நிதானமாகச் சொன்னாள்.

"எறிஞ்சுட்டா. கத்தியை எடுத்து என் மேல எறிஞ்சுட்டா."

தோல் வாரால் கையை இறுக்கிக் கட்டினேன். சின்னவன் வண்டியை எடுத்து வந்தான். மருத்துவமனையில் 'எப்படி ஏற்பட்டது' என்று எழுதும் இடத்தில் 'மெஷின்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். உள்ளே நரம்பு இரண்டு அறுந்திருந்தது. சேர்த்துத் தைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் முன்பு போல மடங்குமா என்பது சந்தேகம் என்றார்கள்.

திரும்பி வந்த சின்னவன் பட்டறை வாசலிலேயே நின்று கேட்டான். "அண்ணி, உங்களுக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கட்டும். அதுக்காகக் கத்தியை எறியறதா?"

"நான் எறியலை. பெல்ட் அறுந்து கையிலேருந்து பிடுங்கிடுச்சு."

"புது பெல்ட் அண்ணி அது."

அன்று மாலை அவள் புருஷனே மெல்லக் கேட்டான். "நிசமாவே கை தவறிச்சா?"

"பதினோரு வருசத்துல நான் ஒரு கத்தியைக் கை தவறவிட்டுப் பாத்திருக்கீங்களா?"

கோபத்தில் சொன்ன அந்த வார்த்தை அவளையே திருப்பி அடித்தது. கை தவறாதவள் என்றால் வேண்டுமென்றேதானே வீசியிருக்க வேண்டும் என்று தெரு முழுக்கப் பேசினார்கள். ரொட்டிக் கடையில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உறைக்காரரே, உங்களுக்குச் சத்தம் கேட்டுதுல்ல. முதல்ல பெல்ட் அறுந்த சத்தமா, கத்தி விழுந்த சத்தமா?"

"பெல்ட்டுதான் முதல்ல."

"அதைப் போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "உங்களுக்கு எல்லாரும் வேணும், நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்று சின்னவன் என் வாயை அடைத்துவிட்டான். முந்தின நாள் மெஷின் ஓடியதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடிபட்டுக் கிடப்பவள் மேல் கோள் சொன்னது போல இருக்குமே என்று விட்டேன். அது என் கோழைத்தனம்.

ஐந்தாம் நாள் பெரியவள் பட்டறையைப் பெருக்கினாள். பதம் போடும் அடுப்புக்குப் பின்னால் அறுந்த பெல்ட் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த ரக பெல்ட்டில் இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டியிருப்பார்கள். சரியான திசையில் ஓடினால் எஃகு அந்த ஒட்டை நீவிவிட்டுப் போகும். திருப்பி மாட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நகத்தை விட்டுக் கிளப்புவது போல ஒட்டைக் கிளப்பும். அதற்காகத்தான் பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கிறது. இந்தப் பெல்ட்டில் ஒட்டு கிளம்பியிருந்தது தப்பான பக்கத்திலிருந்து. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பழைய தேய்ந்த பெல்ட் ஒன்றில் செக்கச்செவேலென்று புது மரத்தூள் அப்பியிருந்தது.

இரண்டு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கையோடு அழைத்துக்கொண்டு, மாடியில் சின்னவள் படுத்திருந்த அறைக்குப் போனாள். அண்ணன் தம்பி இருவரும் அங்கே இருந்தார்கள்.

"தம்பி, இது என்னன்னு உங்க வீட்டுக்காரிகிட்டக் கேளுங்க."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் சின்னவள். "நேரா கேக்கச் சொல்லுங்க."

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள். பதினான்கு மாதத்துக்கு அப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

"மெஷினைத் தொட்டியா?"

"தொட்டேன். உங்க பெல்ட்டுல மரத்தூள் படக்கூடாதேன்னு அதைக் கழட்டி வெச்சுட்டு, பழசை மாட்டி வேலை செஞ்சேன். அப்புறம் உங்களதைத் திரும்ப மாட்டினேன்."

"திருப்பி மாட்டினே."

"மாட்டினேன். எந்தப் பக்கம் மாட்டணும்னு எனக்கு யாரு சொன்னா? ஆறு வருசமா பெல்ட் மாத்தறப்பல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. உங்க முதுகுல அம்புக்குறி போட்டிருந்தா நான் சரியா மாட்டியிருப்பேன்."

பெரியவள் பெல்ட்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் எறியலைன்னு உனக்குத் தெரியும்."

"குத்தினப்பத் தெரியாது. அன்னிக்குச் சாயங்காலம் படுத்துக்கிட்டு யோசிச்சப்பத் தெரிஞ்சுது."

"அஞ்சு நாள் வாயைத் திறக்கலை."

"ஆமா. ஆறு வருசத்துக்கு அஞ்சு நாள்."

பெரியவள் இரண்டு பெல்ட்டையும் கட்டிலில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவள் பின்னாலேயே அவள் புருஷன் ஓடினான். படியில் அவன் சொன்னதும் அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"விடு. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல."

"உங்களுக்குத் தெரியறதுக்கு ஒரு பெல்ட் வேண்டியிருந்துச்சு."

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவனுக்குத் தட்டை நகர்த்தி வைப்பாளே தவிர, ஒரு சொல் கிடையாது. எண்ணெய்த் தொட்டிக்கு மட்டும் அவன் துணை அதிகம் கிடைத்தது.

ஒன்றை மட்டும் அவள் என்னிடம் சொன்னாள், அதுவும் என்னைத் திட்டுவது போல. "தினம் காலையில பெல்ட்டைத் தடவிப் பாத்துட்டுத்தான் சுவிட்ச் போடுவேன். அன்னிக்குப் பாக்கலை. கண்ணுல தண்ணியா ஊத்திச்சு, பாக்கலை. போதுமா?" நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொல்லிவிட்டு அவளாகவே கோபித்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னவள் வேலைக்கு வந்தாள். இரண்டு விரல் விறைப்பாகவே நின்றன. மரத்தைப் பிடித்தால் அரம் இழுக்கிற இழுப்பில் மரம் கையை விட்டு நழுவியது. நழுவ நழுவ எடுத்தாள். பெரியவள் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள், அடுத்த நாளும் பார்த்தாள். நான்காம் நாள் புருஷனைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எட்டு மணிக்கு முன்னாடி எனக்கு மெஷின் வேண்டாம். மரத்துக்குத் தனி பெல்ட் அந்த ஆணியில இருக்கு. முன்பக்கமா ஓடற இடத்துல, உள்ள போட்டிருக்கற அம்பு கீழ பாத்து இருக்கணும்."

அவன் திருதிருவென்று விழித்தான். கேட்க வேண்டியவள் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் அதையே மறுபடி சொல்வதா வேண்டாமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

இரக்கப்பட்டாயா என்று பெரியவளைக் கேட்டேன். "இரக்கமா? கோணப் பிடியோட என் கத்தி வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

காலையில் எட்டு மணி வரைக்கும் சின்னவள், அதற்குப் பின் பெரியவள் என்று நாலைந்து மாதம் ஓடியது. ஒருத்தி உள்ளே வரும்போது இன்னொருத்தி வெளியே போவாள். கதவருகே இடிக்காமல் போக இருவரும் பழகிக்கொண்டார்கள். பெல்ட் சீக்கிரம் தேய்கிறது என்று ஒருத்தி. சக்கரத்தில் எண்ணெய்க் கை வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருத்தி. தகரச் சுவருக்கு ஓய்வே இல்லை.

பிறகு ஒருநாள் பெரியவள் கழிவுத் தகடு போடும் டப்பாவைக் கொட்டினாள். உள்ளே பதினாறு துண்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் சரிவு எடுத்திருந்தது. முதல் சில துண்டுகள் கண்றாவி. சரிவு அலை அலையாகப் போயிருந்தது, ஒன்றில் நீலம் ஏறியிருந்தது. கடைசி மூன்று ஓரளவு நேராக இருந்தன. இரண்டு விரல் மடங்காத கையோடு, எட்டு மணிக்குள், யாரும் சொல்லித்தராமல் எடுத்தவை. பெரியவள் அவற்றை வரிசையாக மேஜையில் அடுக்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த ஆத்திரத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, கத்தி பறந்த அன்றுகூட.

"பிடி செய்யத்தானே மெஷின் குடுத்தேன்" என்றாள் சுவரிடம்.

"பிடியும் செஞ்சேனே" என்றது சுவர்.

அதோடு பாகம் பிரிந்தது. சின்னவன் தெருக்கோடியில் வேறு இடம் பார்த்து, வேறு மெஷின் வாங்கி, மனைவியோடு போனான். அண்ணன் பதம் போட்டுக் கொடுக்கும் தகடுகள் இரண்டு பட்டறைக்கும் போகின்றன. அந்த வேலை மட்டும் பிரியவில்லை. பிரிக்க அவனை யாரும் கேட்கவுமில்லை. பெரியவள் பட்டறைக்கு இப்போது பிடி போட ஓர் ஆள் வருகிறார். அவர் வேலை மோசமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிடியையும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிடுகிறாள்.

உறைக்கு இரண்டு பேர் கத்தியும் என்னிடம்தான் வருகிறது. போன மாதம் பெரியவள் வந்தபோது சின்னவள் எடுத்த கத்தி ஒன்று என் மேஜையில் இருந்தது. கேட்காமலே எடுத்தாள். முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இடது பக்கம், பிடிகிட்டச் சரிவு தொடங்கற கோடு கொஞ்சம் முன்னால போயிருக்கு."

"சொல்லட்டுமா அவகிட்ட?"

"வேண்டாம். நான் சொன்னேன்னு தெரிஞ்சா வீம்புக்கு அப்படியே விட்டுடுவா."

வாரக் கடைசியில் சின்னவள் உறைகளை வாங்க வந்தாள். நானே கண்டுபிடித்தது போல அந்தக் கோட்டைக் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்க வந்திருந்தாங்களா?"

"சேச்சே, நானாத்தான் பாத்தேன்."

"உங்களுக்குத் தோல்தான் தெரியும்" என்று சொல்லிக் கத்தியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த முறை வந்த நான்கு கத்தியிலும் இடது பக்கக் கோடு சரியான இடத்தில் நின்றது. பெரியவள் வந்தபோது வேண்டுமென்றே கண்ணில் படும்படி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இரண்டாவதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள்.

"இப்ப வலது பக்கம் போச்சு" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய எட்டு உறையும் தைத்தாகிவிட்டதா, இல்லை வழக்கம் போல நாளைக்கு வா என்று சொல்லப்போகிறேனா என்று கேட்டாள்.